விசிட் விசாவில் போய் ஆசிரியர் வேலையா? விசா மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் எனக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள நம் ஊர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிதல்ல. முன்பு கடைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். இப்போது பட்டமும் பி.எட்.டும் முடித்த நம் பிள்ளைகள் ஆசிரியர் வேலை தேடிப் புறப்படுகிறார்கள். "முதல்ல விசிட்ல வந்துடு, உள்ளே வந்து மாத்திக்கலாம்" என்று ஏஜென்டோ தெரிந்தவரோ சொல்வதை நம்பி, நகையை அடகு வைத்து டிக்கெட் எடுக்கும் குடும்பங்களும் உண்டு. அந்த ஒரு வார்த்தை எந்த நாட்டில் நடக்கும், எங்கே நடக்காது என்பதைப் பார்ப்போம்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு

ஐக்கிய அரபு அமீரகம்: விசிட் விசாவில் இருப்பவருக்கு வேலை கிடைத்தால், நாட்டை விட்டு வெளியேறாமலேயே கட்டணம் செலுத்தி வேலை விசாவுக்கு மாற வழி உண்டு.

ஓமன்: 2023 அக்டோபர் 31 அன்று, சுற்றுலா மற்றும் விசிட் விசாக்களை வேலை விசாவாக உள்ளிருந்தே மாற்றும் முறை எல்லா நாட்டவருக்கும் நிறுத்தப்பட்டது. வெளியேறி, வேலை விசாவுடன்தான் திரும்ப வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது.

சவூதி அரேபியா: வேலைக்கான விசாவை இந்தியாவிலேயே பெற்றுச் செல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் போய் இகாமா எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

மலேசியா: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாட்கள் வரை தங்க அனுமதிக்கப்பட்டனர். இது சுற்றிப் பார்க்கவும் உறவினரைச் சந்திக்கவும் தரப்படும் அனுமதி. வேலை பார்க்க இது செல்லாது.

மாற்றும் வரை பாடம் நடத்தலாமா?

கூடாது. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். "விசா பிராசஸில் இருக்கிறது, அதுவரை வகுப்பு எடுங்கள்" என்று பள்ளி சொன்னாலும், அனுமதி வரும் முன் எடுக்கும் முதல் வகுப்பே சட்டமீறல்தான். அமீரகத்தில் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம். வேலை பார்த்தவரும் நாடு கடத்தப்படலாம். விசா தேதி முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும்.

வீட்டில் டியூஷன் எடுப்பதும் இதில் அடங்கும். அமீரகத்தில் தனி டியூஷனுக்கு 2023 டிசம்பரில் தனி அனுமதி முறையே கொண்டுவரப்பட்டது. குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஆலிம்களும், ஆலிமாக்களும் இதைக் கவனிக்க வேண்டும். நன்மையான காரியம்தானே என்று அனுமதியின்றி நடத்தினால் சிக்கல் வரும்.

ஆசிரியர்களுக்குக் கூடுதல் படிகள்

மற்ற வேலைகளைப் போல, கம்பெனி விரும்பினால் போதும் என்ற நிலை ஆசிரியர் வேலையில் இல்லை. துபாயில் கே.எச்.டி.ஏ., அபுதாபியில் அடெக், ஷார்ஜாவில் ஸ்பியா எனக் கல்வி ஆணையங்கள் உள்ளன. தனியார் பள்ளி ஆசிரியரின் நியமனத்துக்கு இவற்றின் ஒப்புதல் தேவை. அதற்குப் பட்டச் சான்றிதழ் முறையாகச் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். முதலில் மாநில அரசு, அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகம் என்பது வரிசை. சவூதி, ஓமன், பஹ்ரைன் ஆகியவை அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ள நாடுகள் என்பதால் தூதரக முத்திரைக்குப் பதில் அப்போஸ்டில் போதும்.

இந்த வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரிஜினல் சான்றிதழும் இந்தியாவில் இருக்க வேண்டும். பெட்டியில் சான்றிதழை எடுத்துக்கொண்டு விசிட்டில் போனவர், அங்கே வேலை கிடைத்த பிறகு அதை ஊருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். அதற்குள் விசா நாட்கள் கரைந்துவிடும். ஆகவே டிக்கெட் எடுக்கும் முன்பே சான்றொப்பத்தை முடியுங்கள்.

குடும்ப விசாவில் இருக்கும் சகோதரிகளுக்கு

அமீரகத்தில் கணவர் அல்லது தந்தையின் ஸ்பான்சரில் இருப்பவர் விசாவை மாற்ற வேண்டியதில்லை. பள்ளி அவருக்குத் தொழிலாளர் அனுமதி மட்டும் எடுத்தால் போதும். கல்வி ஆணையத்தின் ஒப்புதல் இவருக்கும் வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

* ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான்.
* அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. "விசா காசு" என்று பள்ளி கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.
* வேலை உத்தரவில் பள்ளியின் பெயர், பதவி, சம்பளம் தெளிவாக உள்ளதா எனப் பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள்.
* 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் பாருங்கள்.
* வெளிநாட்டில் சிக்கல் நேர்ந்தால் இந்தியத் தூதரகத்திலும், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலும் புகார் செய்யலாம்.

விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. புறப்படும் வாரத்தில் அந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். வேலை விசா கைக்கு வரும்வரை ஊரில் இரண்டு மாதம் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நாடு கடத்தப்பட்டுத் திரும்பினால் அடகு வைத்த நகையும் போகும், மறுபடி அந்த நாட்டுக்குள் நுழையும் வாய்ப்பும் போய்விடும்.