சூதும் பிணியும்



சூதிலே நாடிழந்து, தம்பியரை இழந்து, மனையாளையும் பணயமாக வைத்த தருமன், இழந்த யாவும் திரும்பக் கிடைத்த பின்னரும் மறுமுறை ஆட அமர்ந்தான். இதனை விதியென்றனர் சிலர். சகுனியின் சூழ்ச்சியென்றனர் சிலர். பிணியோ என வினவியவர் அரியர்.

மேனாட்டில் அவ்வினாவை எழுப்பியோருள் முற்பட்டவர் பஸ்காசியஸ் யூஸ்தஸ் என்னும் பிளாந்தர் வைத்தியர். பணம் வைத்தாடும் வேட்கையைக் குணப்படுத்துதல் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய நூல் 1561ஆம் ஆண்டு பாசெல் நகரில் வெளிவந்தது. ஆயினும் நெடுங்காலம் சூதாடி பாவியாகவே எண்ணப்பட்டான்.

உருசிய நாவலாசிரியர் தொஸ்தோயெவ்ஸ்கியின் கதை இங்கே கருதத்தக்கது. 1866ஆம் ஆண்டு, குறித்த நாளுக்குள் நாவலொன்று கொடாவிடின் தம் நூல்களின் உரிமையை ஒன்பது ஆண்டுகளுக்குப் பதிப்பாளரிடம் இழக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு நேர்ந்தது. சுருக்கெழுத்தறிந்த அன்னா என்னும் இளம்பெண்ணிடம் இருபத்தாறு நாளில் அவர் சொல்லி முடித்த நாவலின் பெயரே ‘சூதாடி’. மறுவருடம் அன்னா அவருக்கு மனைவியானாள். ஜேர்மனியின் பாடன்-பாடன் நகரிலே, கருவுற்றிருந்த அவளுடைய காதணிகளும் உடைகளும் அடகுக்குச் சென்றன. அவர் அழுது மன்னிப்புக் கேட்பார். மீண்டும் ஆடச் செல்வார். இது வெறும் மனவுறுதிக் குறைவன்று, மருந்தற்ற நோயாகவே கருதவேண்டும் எனத் தன் நினைவுக் குறிப்பிலே அன்னா எழுதினாள். மருத்துவம் பயிலாத அப்பெண் கண்டதைப் பண்டிதர் காண எத்தனை ஆண்டுகள் சென்றன! 1871இல் வீஸ்பாடனில் தோற்ற பின் அவர் ஆடவேயில்லை.

1928இல் புரொயிட் இவரை ஆராய்ந்து, குற்றவுணர்வுடையோன் தன்னைத் தானே தண்டிக்கும் வழியே சூது என்றார். அவ்விளக்கம் முழுவதும் ஏற்புடைத்தன்று என்பது என் கருத்து. ஆயினும் பொருளாசை ஒன்றே காரணமன்று என்று கண்டது பெரிது.

சூதாடிகள் ஒருவர்க்கொருவர் துணையாகும் சங்கம் 1957இல் லொஸ் ஏஞ்சல்சில் தோன்றியது. 1972இல் ஒஹாயோ மாநிலத்துப் பிரெக்ஸ்வில் வைத்தியசாலையில் ரொபேட் கஸ்டர் இவர்களை உள்நோயாளராக ஏற்றுச் சிகிச்சை தொடங்கினார். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் இதனைத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. 2013இல் மதுவடிமை இருக்கும் பகுதிக்கே மாற்றியது. வரவரப் பெருந்தொகை வைத்தாலன்றிக் கிளர்ச்சி தோன்றாமை, நிறுத்த முயன்றால் அமைதியின்மை, இழந்ததை மீட்க மறுநாளும் வருதல் என்பன குறிகள்.

பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய்க்கு, மூளையில் டோபமின் என்னும் பொருளைப் போலச் செயற்படும் மருந்து கொடுத்தபோது, முன்னர்ச் சூதையே நாடாத சிலர் அதில் வீழ்ந்தனர். மருந்தைக் குறைத்தபோது பலருக்கு அவ்வேட்கையும் தணிந்தது.