அர்-ராஸியின் ஒப்பீடும் தீவிர சிகிச்சை ஆய்வுகளும்

மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி (மறைவு ஹி. 313 / கி.பி. 925) விட்டுச் சென்ற குறிப்பேடுகளிலிருந்து அவருக்குப் பின் தொகுக்கப்பட்ட பெருநூல் ‘அல்-ஹாவி’. அதில் ‘சிர்ஸாம்’ எனும் மூளை அழற்சி நோய் பற்றிப் பேசுமிடத்தில் சிறு குறிப்பொன்று காணப்படுகிறது. அந்நோய்க்கான முன்னறிகுறி கண்டவர்களுள் ஒரு சாராருக்கு ராஸி இரத்தம் வெளியேற்றினார். மற்றொரு சாராருக்கு அதைச் செய்யாது விட்டார். முன்னவர் தப்பினர்; பின்னவர் அனைவரையும் சிர்ஸாம் பற்றிக்கொண்டது. ‘விட்டேன்’ என்பதோடு அவர் நிறுத்தவில்லை. ‘முதஅம்மிதன்’, அதாவது ‘வேண்டுமென்றே’, என்ற சொல்லையும் சேர்க்கிறார். உண்மையை அறிந்து ஒரு முடிவுக்கு வரவே அவ்வாறு செய்ததாகவும் எழுதுகிறார். படிப்போர் மனத்தை அந்த ஒரு சொல் உறுத்தவே செய்யும்.

இதைக் காட்டி, இன்றைய மருத்துவ ஆய்வு முறை முழுவதையும் ராஸியே வகுத்துவிட்டார் எனப் பெருமை பேசுவோர் உளர். அவ்வளவு அவசரம் வேண்டா. எத்தனை பேர், எவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்பதை அக்குறிப்பு கூறவில்லை. மூளையுறை அழற்சிக்கு இரத்தம் வெளியேற்றும் மருத்துவரும் இன்று இலர். ஆயினும் ‘அச்சிகிச்சை பெறாதவர் என்ன ஆனார்?’ என்று அவர் கேட்ட கேள்வி பழுதற்றது.

அக்கேள்வியின் கனத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் காணலாம். அங்குக் கிடப்பவருள் பலர் தம் நிலையைச் சொல்ல இயலாதவர். மருத்துவரோ கருவிகள் காட்டும் எண்களைச் சீராக்க விரைபவர். கடும் நோயில், நீரிழிவு இல்லாதவருக்கும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். பெல்ஜியத்தின் லூவென் நகரில், பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்த 1,548 பேரிடம் நடந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. இன்சுலினால் சர்க்கரையை 80 முதல் 110 மில்லிகிராமுக்குள் இறுக்கிப் பிடித்தபோது, அப்பிரிவில் நேர்ந்த மரணம் 8 விழுக்காட்டிலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. பல நாட்டு மருத்துவமனைகள் இம்முறையைக் கைக்கொண்டன.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ‘நைஸ்-ஷுகர்’ ஆய்வு 2009இல் வந்தது. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் 6,104 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பழைய இறுக்கம்; மறுபிரிவினருக்குச் சர்க்கரை 180ஐத் தாண்டினால் மட்டுமே இன்சுலின். தொண்ணூறு நாட்களில் முதற்பிரிவில் 27.5 விழுக்காட்டினரும், இரண்டாவதில் 24.9 விழுக்காட்டினரும் இறந்தனர். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்தோர் முறையே 6.8, 0.5 விழுக்காட்டினர். ராஸியிடம் விடப்பட்டோர் நோயுற்றனர். இங்கோ குறைவாகச் செய்யப்பட்டோரே அதிகம் பிழைத்தனர். நூற்றுக்கு மூவர் கூட இல்லாத இவ்வேறுபாட்டை, எத்துணை கூர்மதி படைத்த மருத்துவரும் கட்டிலருகே நின்று கண்டிருக்க இயலாது.

லூவென் ஆய்வில் நோயாளருக்கு ஆரம்பத்திலேயே நரம்பு வழியாகச் சத்துணவு ஏற்றப்பட்டது; அதுவும் வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என்ற வாதம் எழுந்தது. லூவென் குழுவினரே அதைச் சோதித்தனர். அவ்வுணவைத் தொடக்கத்தில் தவிர்த்து, 9,230 பேரிடம் நடத்திய ஆய்வை 2023இல் வெளியிட்டனர். இறுக்கிப் பிடித்தோர்க்கும் தளர்த்தி விட்டோர்க்கும் இடையே, தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்க நேர்ந்த நாட்களிலோ மரணத்திலோ வேறுபாடு காணப்படவில்லை.