மழைநீரில் மறைந்திருந்த பொருள்

1818-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ரசாயன சாஸ்திரியான தெனார் முதன்முதலாகத் தயாரித்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு, ஆகாயத்திலும் இயற்கையாகவே உற்பத்தியாகிறது என்பதை, 1860-களில் மழைநீரைப் பரிசோதித்த ஜெர்மானியரான மைஸ்னர் உலகுக்கு உணர்த்தினார். 1874 முதல் மாஸ்கோவில் மழையையும் பனியையும் பொறுமையுடன் சேகரித்து அளந்த எமில் ஷோனே, கோடையில் அது மிகுந்தும் குளிர்காலத்தில் குறைந்தும் இருக்கக் கண்டார். சூரியகிரணங்களின் சக்தியால் காற்றில் தோன்றும் அற்பாயுள் படைத்த ஹைட்ரோபெராக்ஸில் துணுக்குகள் இரண்டிரண்டாய்ச் சேர்வதால் உண்டாகும் இப்பொருள், நீரில் எளிதில் கரையும் சுபாவமுடையதாதலின் மேகத்துளிகளுக்குள் புகுந்து, ஆலைப்புகையோடு வந்து கரைந்த கந்தக டையாக்ஸைடைக் கந்தக அமிலமாக மாற்றிவிடுகிறது. அமில மழையைக் குறித்து ஆங்கஸ் ஸ்மித் 1872-இல் வெளியிட்ட நூலும் ஷோனேயின் அளவைகளும் சமகாலத்தவையே ஆயினும், அவ்விரண்டையும் பிணைக்கும் இந்த ரசாயன சம்பந்தத்தின் முக்கியத்துவம், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே விஞ்ஞானிகளுக்குப் புலப்பட்டது.