ஓட்டுநரைக் காக்கும் ஆசனம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலை ஆனேக்கல் வட்டத்தின் ஊடே செல்கின்றது. பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி ஆகிய ஊர்களைக் கடந்தால் தமிழக எல்லை. இவ்வட்டத்துத் தொழிற்சாலைகளில் உழைக்கும் தமிழர் பலர். விடுமுறை நாளில் சொந்தக் காரில் ஊருக்குப் புறப்படுவோரும் உளர். அவர்களுள் இளைஞர் சிலருக்குத் தம் காரில் பந்தய ஆசனம் பொருத்தும் ஆசை எழுவதுண்டு. அவ்வாசனம் எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்த பின்னரே அதனை நாம் நாடுதல் நலம்.

மோட்டார்ப் பந்தயம் நம்மவர்க்குப் புதிதன்று. 1953-இல் சென்னையில் மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை உருவாக்கி, இளம் ஓட்டுநர் பலருக்கு வழி திறந்தார். கோவையின் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

முற்கால வீரர் பலர் இடுப்புப் பட்டையை விரும்பவில்லை. கார் தீப்பற்றினால் உள்ளே சிக்கி எரிவதினும் வெளியே தூக்கி எறியப்படுவதே மேல் என்று எண்ணினர். இவ்வெண்ணத்தை மாற்றியது ஆராய்ச்சியே. 1954-இல் அமெரிக்க மருத்துவ அதிகாரி ஜான் ஸ்டாப், மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்த ராக்கெட் வண்டியில் தம்மைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். 1.4 விநாடியில் வண்டி நின்றது. அவர் உயிர் பிழைத்தார். நன்கு பிணைக்கப்பட்ட உடல் பேரதிர்ச்சியையும் தாங்கும் என்பது விளங்கிற்று. 1959-இல் வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் மூன்று முனைப் பட்டையை அமைத்தார். அந்நிறுவனம் அதனைப் பிறரும் பயன்படுத்த இசைந்தது.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1961-இல் கவிழ்வுத் தண்டும், 1972-இல் ஆறு முனைப் பட்டையும் கட்டாயமாயின. 1966-இல் பெல்ஜியத்தில் பெட்ரோல் நனைந்த காரினுள் சிக்கித் தவித்த ஜாக்கி ஸ்டூவர்ட், பின்னர்ப் பாதுகாப்புக்காக இடைவிடாது வாதாடினார். உடலைப் பட்டை பிடித்து நிறுத்த, தலை மட்டும் முன்னே பாய்ந்து கழுத்து முறிவதும் கண்டறியப்பட்டது. அதனைத் தடுக்கும் கழுத்துக் காப்பு 2003-இல் கட்டாயமாயிற்று.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? பந்தயக் காரில் ஆசனம், பட்டை, இரும்புக் கூண்டு, தலைக்கவசம், கழுத்துக் காப்பு ஆகிய அனைத்தும் ஒரே குடும்பம். ஒன்றைப் பிரித்தெடுத்தால் மற்றது பகையாகும். கூண்டில்லாத சாதாரணக் காரில் தோளை இறுகப் பிணைக்கும் பட்டையைப் பூட்டினோமாயின், கார் கவிழ்ந்து கூரை நசுங்கும்போது உடல் சாய்ந்து விலக வழியில்லை. தலைக்கவசமின்றிக் கூண்டு அமைத்தாலோ, அவ்விரும்பே மண்டையைத் தாக்கும். மேலும், பல கார்களில் பக்கக் காற்றுப்பை ஆசனத்தின் முதுகுப்பகுதியிலேயே இருக்கின்றது. ஆசனத்தைக் கழற்றினால் அதுவும் போயிற்று.

ஆகவே, பந்தயக் கருவிகள் முழுத் தொகுதியாகப் பந்தயப் பாதைக்கே உரியன. சாலைக்கு நமக்கு வேண்டுவது மூன்று முனைப் பட்டையே. எல்லை கடந்து ஊர் செல்லும் நாளில், முன்னிருப்போரும் பின்னிருப்போரும் அதனை அணிவோமாக. நம் வரவை எதிர்நோக்கி ஓர் இல்லம் காத்திருக்கின்றது அன்றோ!