செப்புக் காசில் பேரரசர் திருமுகம்

ரோமாபுரிக்கும் தமிழகத்திற்கும் இடையே நிலவிய வணிகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பொற்காசுகளையே எடுத்துக்காட்டுவர். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்வதாகப் பிளினி அங்கலாய்த்ததும், 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கிடைத்ததும் பலரும் அறிந்தவை. பொன் புதைத்து வைக்கப்படுவது; செம்போ கைமாறித் தேய்வது. கடைத்தெருவின் வரலாறு செம்பில்தான் இருக்கிறது.

பெயரிலேயே பாண்டியரைச் சுமந்து நிற்கும் சுந்தரபாண்டியம் வட்டாரத்தார்க்கு இதற்கான அண்மைச் சான்று மதுரையாகும். மதுரையிலும் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளை ஆராய்ந்து, இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூலே வெளியிட்டார். வைகை கடலில் கலக்கும் இடத்தருகேயுள்ள அழகன்குளத்திலும் அகழாய்வில் இத்தகைய காசுகள் வெளிப்பட்டன.

இவை பெரும்பாலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டினவை. விரல் நகமளவே ஆனவை. ஒரு புறம் முத்துத் தலைப்பட்டை அணிந்த பேரரசர் முகம். சுற்றிலும் "நம் எசமானர்" எனப் பொருள்படும் இலத்தீன் சுருக்கெழுத்துடன் தியோடோசியஸ், அர்க்காடியஸ் போன்ற பெயர்கள். மறுபுறம், சிறைப்பட்டவனை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதையோ, ஈட்டியேந்தி நிற்கும் அரசரோ காணப்படுவர். தோற்றவன் தலைகுனிய, வென்றவன் நிமிர்ந்து நிற்கும் இக்காட்சி, கையில் காசு வைத்திருக்கும் ஏழைக்கும் ஆட்சி யாருடையதென உணர்த்தவே பொறிக்கப்பட்டது.

அந்த ஆணை நம் கரையில் எடுபடவில்லை. இலங்கையில் பெருமளவில் கிடைக்கும் போலிக் காசுகளே இதற்குச் சாட்சி. அவற்றில் எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகவும், உருவங்கள் குச்சி மனிதர்களாகவும் மாறிவிட்டன. வடிவம் பழகியிருந்தது, எசமானரை எவரும் அறியவில்லை.

இதே காசு மரபு ஷாம் தேசத்தில் வேறொரு வழி சென்றது. வளைகுடா சென்று வந்தோர் நாவில் புழங்கும் 'ஃபுலூஸ்' என்பது 'ஃபல்ஸ்' என்பதன் பன்மை. அச்சொல்லோ ரோமச் செப்புக் காசின் 'ஃபோலிஸ்' என்னும் பெயரிலிருந்து வந்தது. முஸ்லிம்கள் ஷாமை வென்றபின் பைஸாந்தியக் காசு முறையை உடனே ஒழித்துவிடவில்லை. ஹிம்ஸ் நகர ஃபல்ஸில் பேரரசர் உருவத்தோடு 'தய்யிப்' (நல்லது) என்றும், திமிஷ்கில் 'ஜாஇஸ்' (செல்லும்) என்றும் அரபியில் பொறித்தனர். வணிகம் தடைபடக் கூடாதென்னும் விவேகம் இதில் தெரிகிறது.

பின்னர் கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் காலத்தில், வாளைப் பற்றி நிற்கும் கலீஃபாவின் உருவமே சிறிது காலம் காசில் இடம்பெற்றது. நம்மவர் பலர் இதைக் குறிப்பிடுவதில்லை. மறைக்க வேண்டிய செய்தியும் அன்று. ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–97) தீனாரிலிருந்து உருவம் அறவே நீங்கி, ஏகத்துவத்தைப் பறைசாற்றும் வாசகங்கள் வந்தன. இரண்டாண்டுகளில் திர்ஹமும், அதைத் தொடர்ந்து ஃபல்ஸும் அவ்வழியே எழுத்துக்கு மாறின. இலங்கையில் அறியாமையால் சிதைந்த அரச முகம், திமிஷ்கில் அறிந்தே அகற்றப்பட்டது.