மன்னனுக்கு முந்திய திமிங்கிலம்

வியட்நாமின் தென்கிழக்குக் கரையில் உள்ள முய் நே குப்பத்துக்கு இரண்டு நாள் ஓய்வுக்காக வரும் தம்பதிகள் மணல்மேடுகளையும் மூங்கில் பரிசல்களையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து நகரமான ஃபான் தியெத்தில் வான் துய் தூ என்ற கோவில் இருக்கிறது. அதற்குள் 22 மீட்டர் நீளத் திமிங்கில எலும்புக்கூடு ஒன்று, முதுகெலும்பு கணுக்கணுவாகக் கோக்கப்பட்டு, சாமியாக நிற்கிறது. 'வான்' என்பது மீனவர்கள் தங்களுக்குள் கூடி அமைத்துக்கொண்ட சங்கம். திமிங்கிலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கா ஓங்'. அதில் 'கா' மீன். 'ஓங்' தாத்தாவையும் ஊர்ப் பெரியவரையும் அழைக்கும் சொல். இந்த வழிபாடு எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு ராஜா கதைதான் பதிலாக வரும். தை சோன் கலகப் படைக்குத் தப்பிக் கடலில் ஓடிய நுயென் ஆன் புயலில் சிக்கியபோது ஒரு திமிங்கிலம் அவர் படகைத் தாங்கிக் கரை சேர்த்ததாம். 1802இல் ஜியா லாங் என்ற பெயரில் அரியணை ஏறியதும் அவர் நன்றி மறவாமல் அதற்குத் தெய்வப் பட்டம் தந்தாராம். மன்னன் கும்பிட்டான், குடிகளும் கும்பிட்டார்கள் என்று இந்தக் கதை சொல்கிறது. நடந்தது இதற்கு நேர்மாறு என்பதே என் எண்ணம்.

வான் துய் தூ கோவில் எழுந்தது 1762இல். நுயென் ஆன் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அவரைத் துரத்திய தை சோன் கலகம் 1771இல்தான் வெடித்தது. கோவில் வேறு சாமிக்காகக் கட்டப்பட்டு, திமிங்கிலம் பிறகு உள்ளே வந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கோவிலை விட்டுவிட்டு மொத்தக் கரையையும் பார்த்தால் விடை துலங்கும். வியட்நாமியரின் பூர்விகமான வடக்குக் கரையில் திமிங்கிலக் கோவில்கள் அரிது. ஒருகாலத்தில் சாம் மக்கள் கடலோடிய நடுக்கரையிலும் தெற்கிலும்தான் அவை நெருக்கமாக இருக்கின்றன. சாம் மக்களுக்கு போ ரியாக் என்ற அலைத் தெய்வம் உண்டு. கடலில் மாண்ட அவரைத் திமிங்கிலத்தோடு சேர்த்துப் பேசுவது அவர்கள் வழக்கம். பிழைப்புத் தேடித் தெற்கே இறங்கிய வியட்நாமிய மீனவர்கள் பழக்கமில்லாத கடலுக்கு வந்தபோது, அதை அறிந்தவர்களின் காவல் தெய்வத்தையும் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் நுயென் மன்னர்கள் பட்டயம் பட்டயமாகக் கோவில்களுக்குக் கொடுத்தது ஏன்? அவர்களுடைய அரசவை ஊர்தோறும் இருந்த காவல் தெய்வங்களுக்குப் படிநிலை வகுத்துப் பட்டம் வழங்கியது. பட்டம் வாங்க ஊரில் முதலில் தெய்வம் இருக்க வேண்டும். தெற்குக் கரையைத் தம்மோடு பிணைத்துக்கொள்ள விரும்பிய ஒரு வம்சத்துக்கு, மீனவர்களின் சாமி தம் மூதாதையைக் காப்பாற்றியது என்ற கதையைவிடப் பெரிய துணை என்ன இருக்க முடியும்? சடங்கைப் பார்த்தால் இந்த வழிபாடு யாருடையது என்பது இன்னும் தெளிவாகும். திமிங்கிலம் கரை ஒதுங்கினால் 'செத்தது' என்று சொல்ல மாட்டார்கள். அதற்கென்றே 'லுய்' என்று ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். உடலை முதலில் கண்டவர், வலை இழுக்கும் கூலியாளாகவே இருந்தாலும், அதற்கு மூத்த மகன். தகப்பனுக்குக் கட்டுவதுபோல் துக்கத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அவர்தான் முன்னே நடப்பார். சில ஆண்டுகள் கழித்து மணலைத் தோண்டி, எலும்புகளை எடுத்து, அரிசிச் சாராயத்தால் கழுவிக் கோவிலுக்குள் சேர்ப்பார்கள்.