கடனும் விருப்பமும்: கோலா கெடா கற்பிக்கும் ஆங்கிலப் பாடம்



நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களை மிகவும் குழப்பும் ஆங்கிலத் துணைவினைகளுள் 'ஷுட்', 'வுட்' ஆகிய இரண்டும் அடங்கும். இவற்றின் வேறுபாட்டை விளக்க நம் கெடா மாநில வரலாற்றிலேயே தக்கதொரு சான்று உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொற்பிறப்பைக் காண்போம். 'ஷுட்' என்பது 'ஷல்' என்பதன் இறந்தகால வடிவமாகத் தோன்றியது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலப்பொருள் 'கடன்பட்டிருத்தல்'. 'வுட்' என்பது 'வில்' என்பதன் இறந்தகால வடிவம். அதன் மூலப்பொருள் 'விரும்புதல்'. ஆகவே, ஒன்று கடனைச் சுட்டி எழுந்தது; மற்றொன்று விருப்பத்தைச் சுட்டி எழுந்தது.

தமிழிலோ 'வேண்டும்' என்னும் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பது விருப்பம். 'நான் பள்ளிக்குச் செல்ல வேண்டும்' என்பது கடமை. மலாய்மொழியில் கடமைக்குப் 'பாத்துட்' என்றும் வருவதுரைக்க 'அக்கான்' என்றும் தனித்தனிச் சொற்கள் இருப்பினும், 'அக்கான்' காலத்திற்கேற்ப வடிவம் மாறுவதில்லை. 'வில்' எங்கே 'வுட்' ஆகிறது என்பதில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டில் கெடா அரசு சியாமுக்குப் பொன்மலர் அனுப்பி வந்தது. வலிமைமிக்க அண்டை அரசுகளின் நடுவே தன் பாதுகாப்பை நாடிய சுல்தான் அப்துல்லா, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் துணையை எதிர்பார்த்தார். பினாங்குத் தீவைக் கும்பனிக்கு விட்டுக்கொடுப்பதாயின், பகைவர் தாக்கும்போது கும்பனி உதவவேண்டும் என்பது அவர் முன்வைத்த நிபந்தனைகளுள் முதன்மையானது.

இடையில் நின்று பேசியவர் பிரான்சிஸ் லைட் என்னும் வணிகர். கல்கத்தாவில் இருந்த கும்பனி ஆட்சியினர் படையுதவிக்கு உறுதியான ஒப்புதல் தரவில்லை. எனினும், 1786 ஆகஸ்டு 11-இல் லைட் பினாங்கில் கொடியேற்றித் தீவைக் கும்பனியின் உடைமையாக்கினார். உதவி வரும் என்று கெடா நம்பியிருந்தது. காலம் கடந்தபின், அத்தகைய கடப்பாடு தனக்கில்லை என்பதே கும்பனியின் நிலை என்று தெரியவந்தது.

ஏமாற்றமுற்ற சுல்தான் தீவை மீட்கப் பிறையில் படை திரட்டினார். 1791-இல் லைட் அப்படையை முறியடித்தார். அவ்வாண்டே செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கை, சுல்தானுக்கு ஆண்டுதோறும் 6,000 ஸ்பானிய வெள்ளி தரப்படும் என்றது. கெடாவைப் பகைவரிடமிருந்து காக்கும் கடமையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அச்சொல் இல்லாமையின் விலை 1821-இல் தெரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் சியாமியக் கப்பற்படை கோலா கெடா ஆற்று முகத்துவாரத்தில் நுழைந்தது. கோட்டை வீழ்ந்தது. அப்போது ஆட்சியிலிருந்த சுல்தான் அகமது தாஜுடீன் பினாங்கில் அடைக்கலம் புகுந்தார். கும்பனி கெடாவுக்காகப் போர் தொடுக்கவில்லை. 1826-இல் ஏற்பட்ட பர்னி உடன்படிக்கையில், கெடா சியாமின் பிடியில் இருப்பதையும் ஏற்றுக்கொண்டது. சுல்தான் மீண்டும் அரியணை ஏறியது 1842-இல்தான்.

இவ்வரலாற்றை நான்கு வாக்கியங்களாக்கி வகுப்பில் கற்பிக்கலாம். அக்காலக் கடிதங்களின் சொற்கள் அல்ல இவை, பாடத்திற்காக அமைக்கப்பட்டவை.

'லைட் செட் தி கம்பெனி வுட் ஹெல்ப்.' கும்பனி உதவும் என்று லைட் சொன்னார். பிறர் வாக்கை எடுத்துரைக்கும்போது 'வில்' இங்கு 'வுட்' ஆகிறது.

'தி சுல்தான் செட் தி கம்பெனி ஷுட் ஹெல்ப்.' உதவுவது கும்பனியின் கடன் என்றார் சுல்தான்.

'தி கம்பெனி ஷுட் ஹேவ் ஹெல்ப்ட்.' உதவியிருக்க வேண்டும், உதவவில்லை. இது வரலாற்றின் மீது நாம் கூறும் தீர்ப்பு.

'இஃப் தி டிரீட்டி ஹேட் செட் சோ, தி கம்பெனி வுட் ஹேவ் ஹெல்ப்ட்.' உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தால் உதவியிருக்கும். இது ஊகம், இதை மெய்ப்பிக்க இயலாது.

தீர்ப்பையும் ஊகத்தையும் பிரித்தறியும் மாணவன் ஆங்கிலத்தோடு வரலாற்றையும் முறையாகக் கற்கிறான். அதனால்தான் இவ்விரு பாடங்களையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்கிறேன்.

பெற்றோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தோட்டங்கள் கைமாறிய காலத்தில், வீடு தருவோம் என்ற வாய்ச்சொல்லை நம்பிக் காத்திருந்த குடும்பங்களை நம் மாநிலத்தில் பலரும் அறிவர். கையெழுத்துக்காக நீட்டப்படும் தாளில் 'தருவோம்' என்னும் விருப்பம் உள்ளதா, 'தரவேண்டும்' என்னும் கடப்பாடு உள்ளதா, இரண்டுமே இல்லையா என்று படித்துச் சொல்ல நாளை நம் பிள்ளைகளால் இயலவேண்டும். இலக்கணப் பயிற்சியின் பயன் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதில்லை.

லங்காவித் தீவுக்குப் படகேறக் கோலா கெடாவுக்குச் செல்வோர், ஆற்றின் மறுகரையிலுள்ள பழங்கோட்டையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மேற்கண்ட நான்கு வாக்கியங்களை அங்கேயே சொல்லச் செய்து, எது கடன், எது விருப்பம் என்று கேளுங்கள்.